பெட்டகத்து மணிக்கூடு: வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் பழைய கைமணிக்கூடு ஏதாவது ஓடாமல் கிடந்தால் எறிந்துவிடாமல் எங்களுக்கு எழுதிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் இரண்டு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் பார்த்தபோது மனம் நிறைந்துவிட்டது, யாழ்ப்பாணத்து அலுமாரிகளுக்குள் இவ்வளவு மணிக்கூடுகள் இன்னும் இருக்கின்றன என்று நான் நினைத்திருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இடம் இல்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஆறு கடிதங்களை எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்தின் பதில் நீளமானது, அதை எல்லோரும் வாசித்துவிட்டுத் தங்களுடையதற்குப் போங்கள்.

கேள்வி: ஐயா, என் அம்மப்பா மலாயாவில் றெயில்வேயில் கிளாக்காக இருந்தவர். பென்சன் எடுத்து ஊருக்கு வரும்போது கையில் கட்டிவந்த மணிக்கூடு போன மாதம் அம்மம்மாவின் பெட்டகத்துக்குள் கிடைத்தது. டயலில் லொஞ்சின்ஸ் என்று இருக்கிறது. செக்கன் முள் கீழே தனியாக ஒரு சின்ன வட்டத்துக்குள். வெள்ளை டயல் தேத்தண்ணிக் கறை மாதிரி ஆகிவிட்டது. குமிழைத் திருகினால் ஒரு அளவுக்கு மேல் திரும்பாது, ஓடவும் இல்லை. நகரத்தில் ஒரு கடையில் காட்டினேன். "ஓவர் வைண்ட் ஆகிவிட்டது, டயலுக்குப் புதுப் பெயின்ற் அடித்து, கேஸைப் பொலிஷ் பண்ணி, உள்ளுக்கு வேறு மெஷின் போட்டுத் தரலாம்" என்றார்கள். கொடுக்கலாமா? இது எந்த ஆண்டு மணிக்கூடு என்று எப்படி அறிவது?
– வாசகர், உடுவில்

பதில்: கொடுக்க வேண்டாம், தம்பி. அவர்கள் சொன்ன மூன்று வேலையையும் செய்து முடித்தால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். அம்மப்பா பார்த்த முகம் இல்லை, அவர் சட்டைக் கையில் உரசி உரசித் தேய்ந்த விளிம்பு இல்லை, அவர் ஒவ்வொரு நாளும் சாவி கொடுத்த இயந்திரமும் இல்லை. ஓடுகிற ஒரு மணிக்கூடு மட்டும் இருக்கும். அப்படி ஒன்று வேண்டுமென்றால் கடையில் புதிதாகவே வாங்கலாமே. கழற்றி எடுக்கிற அசல் மெஷின் உங்கள் கைக்குத் திரும்பி வருமா என்பதையும் யோசியுங்கள்.

முதலில் இந்த 'ஓவர் வைண்ட்' கதையை விடுவோம். ஓடாத மணிக்கூடு எல்லாவற்றுக்கும் நம்மூரில் இதைத்தான் சொல்லுகிறார்கள். சாவி கொடுக்கும்போது உள்ளே ஒரு சின்ன உருளைக்குள் இருக்கிற மெயின்ஸ்பிரிங் இறுகச் சுற்றிக்கொள்கிறது. முழுக்கச் சுற்றியதும் குமிழ் திரும்பாது, அது அப்படித்தான் செய்யப்பட்டது. முழுக்கச் சுற்றியும் ஓடவில்லை என்றால் ஸ்பிரிங்கின் பலம் பற்சக்கரங்கள் வழியாகப் பலன்ஸ் வீலுக்கு, அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கிற சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் காரணம் காய்ந்த எண்ணெய்தான். அந்தக் காலத்தில் மணிக்கூட்டுக்கென்று டொல்பினின் தாடைக் கொழுப்பிலிருந்துகூட எண்ணெய் எடுத்தார்கள், அவ்வளவு தேடி எடுத்த எண்ணெயும் வருடக்கணக்கில் கிடந்தால் பிசின் மாதிரி இறுகிவிடும். அந்த நிலையில் ஆட்டி, தட்டி, சாவி கொடுத்து ஓடவைத்துப் பார்க்கக் கூடாது. பலன்ஸ் வீலின் அச்சு நுனி ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும், காய்ந்த அழுக்குக்குள் அது சுழன்றால் அரத்தில் தேய்த்த மாதிரித் தேயும். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் ஓடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஓடும்தான், பிறகு ஒரேயடியாக நிற்கும்.

இனி, ஆண்டைக் கண்டுபிடிப்பது. திருத்துவதற்கு முன்னமே இதைச் செய்யவேண்டும், ஏனென்றால் திருத்துகிற கை அறியாமலே சாட்சியை அழித்துவிடும். மணிக்கூட்டைத் தொடாமல் தொடங்கலாம். அம்மம்மாவின் ஆல்பத்தை எடுங்கள். கலியாணப் படம், மலாயாவில் கந்தோர்க் கூட்டமாக நின்று எடுத்த படம், எதிலாவது அம்மப்பாவின் இடக்கை தெரிகிறதா என்று ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள். டயலின் வடிவும் சின்ன வட்டமும் தெரிந்தால் போதும். பென்சன் கடிதங்களில் வேலையில் சேர்ந்த திகதியும் ஓய்வு பெற்ற திகதியும் இருக்கும். குடும்பத்தில் மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லுவதை அப்படியே எழுதுங்கள், யார் சொன்னது என்றும் எழுதுங்கள். மணிக்கூடு இன்னும் நூறு வருடம் இருக்கும், கதை தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்கள்.

அடுத்து, பின்மூடியை அதற்கென்ற கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் திறக்கச் சொல்லுங்கள். கறிக்கத்தியால் வேண்டாம். திறந்ததும் கைத்தொலைபேசியில் மூன்று நான்கு படம் வடிவாக எடுங்கள். மெஷினில் ஒரு நீண்ட தொடர் இலக்கமும், வகையைச் சொல்லும் ஒரு சின்ன இலக்கமும் பொறித்திருக்கும். லொஞ்சின்ஸில் அந்த வகை இலக்கமே ஒரு தகவல். உதாரணமாக 12.68 என்று இருந்தால் முன்னாலுள்ள 12, மெஷினின் அளவு. சுவிஸ்காரர் 'லைன்' என்ற பழைய அளவில் எண்ணினார்கள், ஒரு லைன் ஏறக்குறைய 2.26 மில்லிமீற்றர், ஆகவே அது 27 மில்லிமீற்றர் அளவான மெஷின்.

லொஞ்சின்ஸ் 1832 இல் சுவிற்சர்லாந்தின் சென்-இமியே என்ற ஊரில் தொடங்கிய நிறுவனம், இன்றும் அங்கேதான் இருக்கிறது. கையால் எழுதிய பழைய பேரேடுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். தொடர் இலக்கத்தையும் படங்களையும் அனுப்பிக் கேட்டால், அந்த மணிக்கூடு எந்தத் திகதியில் எந்த முகவருக்கு விற்கப்பட்டது என்று பேரேட்டைப் பார்த்துச் சொல்லுவார்கள். எல்லா நிறுவனத்திலும் இந்த வசதி இல்லை, உங்களுக்கு வாய்த்திருக்கிறது. மலாயா 1942 தொடக்கம் 1945 வரை ஜப்பானியர் கையில் இருந்தது. பதிலில் வருகிற திகதி அதற்கு முந்தியது என்றால், அந்தப் பஞ்ச காலத்தில் விற்றுத் தின்னாமல் அவர் காப்பாற்றிக் கொண்டுவந்த பொருளாக இது இருக்கலாம். அவர் பிற்காலத்தில் பழையதாக வாங்கியும் இருக்கலாம். அதனால்தான் ஆல்பத்தைப் பார்க்கச் சொன்னேன், இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் கதை நிற்கும்.

பின்மூடியின் உட்பக்கத்தையும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஊசியால் கீறின மாதிரி மெல்லிய எழுத்தும் இலக்கமும் தெரியும். மணிக்கூடு திருத்துகிறவர்கள் கழுவி எண்ணெய் போடும்போது தங்கள் அடையாளத்தையும் சில நேரம் திகதியையும் அப்படிக் கீறி வைப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். நான் வேலை பழகியது நல்லூரடியில் ஒரு சின்னக் கடையில். அங்கே முதலாளி எந்த மணிக்கூட்டைத் திறந்தாலும் முதலில் மூடியின் உட்புறத்தைத்தான் வாசிப்பார். யாருடைய கை முன்பு பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மெஷினைத் தொடுவார். மூடியை உள்ளேயும் பொலிஷ் பண்ணினால் இதெல்லாம் போய்விடும்.

டயலைப் பற்றி. அந்தக் கறை ஒரு நோய் இல்லை, தம்பி. மேலே பூசிய வார்னிஷ் வெயிலிலும் ஈரத்திலும் நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எழுத்துகள் வார்னிஷோடு வார்னிஷாக மிக மெல்லிசாக அச்சடிக்கப்பட்டவை. பழகுகிற காலத்தில் ஒரு டயலை ஈரப் பஞ்சால் ஒருமுறை மெல்லத் துடைத்தேன், பெயர் முழுதாகப் பஞ்சோடு வந்துவிட்டது. அது ஒரு ஆசிரியரின் தகப்பனாருடைய மணிக்கூடு. அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார், இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. ஆகவே டயலில் கை வைக்க வேண்டாம். பெயின்ற் அடித்த டயலில் எழுத்தின் இடைவெளி பிசகும், கோடுகள் தடிக்கும், தெரிந்தவர்கள் கொடுக்கும் விலையும் நன்றாக விழும்.

செய்யவேண்டியது இதுதான்: மெஷினை முழுக்கக் கழற்றி, கழுவி, தேய்ந்த அச்சுகளைப் பார்த்து, சரியான எண்ணெயைச் சரியான இடத்தில் மட்டும் வைத்து மறுபடி பூட்டுவது. பழைய உருக்கு மெயின்ஸ்பிரிங் களைத்துப் போயிருந்தால் புதிது போடலாம், அதில் பிழையில்லை. கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்தால் கீறலைத் தேய்த்து எடுக்கலாம், வெடித்திருந்தால் மாற்றலாம். வார் புதிதாக வாங்குங்கள். கழற்றிய பழைய பாகம் எதுவானாலும் ஒரு சின்னப் பையில் போட்டுத் திருப்பித் தரவேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அதற்கு முகம் சுழிக்கிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மாமனாரின் மணிக்கூடு பவுண் நிறம். கஸ்தூரியார் வீதியில் நகைக்கடையில் உருக்கிக் கொடுத்தால் எவ்வளவு வரும்?
– வாசகி, மானிப்பாய்

பதில்: உருக்குவதற்கு முன்னம் பின்மூடியை வாசியுங்கள், தங்கச்சி. 750 அல்லது 18 காரட் என்றோ, 585 அல்லது 14 காரட் என்றோ முத்திரை இருந்தால் கேஸ் தங்கம். '20 மைக்ரோன்' என்று இருந்தால் அது முலாம், 20 மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு, நகைக்கடையில் தேத்தண்ணிக் காசும் தேறாது. உண்மையாகவே தங்கம் என்றாலும் உருக்க வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். உருக்கினால் கேஸ் மட்டும் காசாகும், மெஷினும் டயலும் குப்பைக்குப் போகும். முழு மணிக்கூடாக அதைத் தேடுகிறவர்கள் உண்டு. அதைவிட, உங்கள் பிள்ளைகளுக்கு அது அவர்களின் அப்பப்பாவுடையது.

கேள்வி: அப்பா 1976 முதல் 1984 வரை சவூதியில் வேலை செய்தவர். அங்கே வாங்கிய சீக்கோ 5 என்னிடம் இருக்கிறது. எந்த வருடம் வாங்கினார் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. கையில் கட்டியிருந்தால் ஓடுகிறது, இரவில் கழற்றி வைத்தால் விடியுமுன் நிற்கிறது. சாவி கொடுக்கலாம் என்றால் குமிழ் சும்மா சுற்றுகிறது. பழுதா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: குமிழ் பழுதில்லை. சீக்கோ 5 இல் அந்தக் காலத்து மெஷின்கள் பெரும்பாலானவற்றில் கையால் சாவி கொடுக்கும் வசதியே வைக்கவில்லை. உள்ளே ஒரு அரைவட்டத் தட்டு கை அசையும்போது சுழன்று ஸ்பிரிங்கை இறுக்கும். குமிழுக்கு அவ்வளவாக வேலை இல்லை என்பதால்தான் அதை 4 மணிப் பக்கமாக ஒளித்து வைத்தார்கள்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது சீக்கோவில் சுகம். பின்மூடியில் ஒரு தொடர் இலக்கம் இருக்கும். அதன் முதல் எழுத்து வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்ரெம்பர் வரை 1 முதல் 9, ஒக்ரோபருக்கு பூச்சியம், நவம்பருக்கு 'என்' (N), டிசம்பருக்கு 'டி' (D). நீங்கள் அனுப்பிய படத்தில் 9 என்று தொடங்கி அடுத்து 'என்' இருக்கிறது, மெஷின் இலக்கம் 7009. ஒன்பது என்றால் 1969, 1979, 1989 மூன்றில் ஒன்று. 1969 இல் 7009 மெஷின் இல்லை. 1989 இல் அப்பா ஊருக்கு வந்துவிட்டார். ஆகவே 1979 நவம்பரில் செய்தது, கடைக்கு வந்து அப்பா வாங்கியது அதற்குச் சில மாதம் பின்னால் இருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். கிழமை காட்டுகிற சின்னச் சாளரத்தில் குமிழை வைத்து நாளை மாற்றிக்கொண்டே போனால் ஆங்கிலத்துக்கு அடுத்து இன்னொரு மொழி வரும். சீக்கோ எந்த நாட்டுச் சந்தைக்கு அனுப்பியதோ அந்த மொழியைப் போட்டது. அரபு எழுத்து வந்தால், அப்பா சொல்லுகிற சவூதிக் கதைக்கு மணிக்கூடே சாட்சி சொல்லுகிறது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் இடையில் திகதி, கிழமையைக் கையால் மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் உள்ளே பற்கள் தாமாகவே மாற்றுவதற்குப் பிடித்துக்கொண்டிருக்கும், கட்டாயப்படுத்தினால் உடையும்.

இரவில் நிற்பதற்குக் காரணம் காய்ந்த எண்ணெய். நன்றாக இருக்கிற மெஷின் கழற்றி வைத்தாலும் ஒன்றரை நாள் அளவில் ஓடவேண்டும். கழுவி எண்ணெய் போட்டால் சரிவரும்.

கேள்வி: வீட்டில் ஒரு பழைய சுவிஸ் மணிக்கூடு. இலக்கங்களில் பச்சை கலந்த மண்ணிறப் பூச்சு தடிப்பாக இருக்கிறது. முந்தி இருட்டில் மின்னுமாம், இப்போது இல்லை. மகன் அதை வைத்து விளையாடுகிறான். ரேடியம் என்றால் ஆபத்து என்று ஒருவர் சொன்னார், உண்மையா?
– வாசகி, காரைநகர்

பதில்: இன்றைக்கே மகனிடமிருந்து வாங்கி எடுத்து வையுங்கள், தங்கச்சி. பயப்பட வேண்டாம், ஆனால் எடுத்து வையுங்கள்.

1960கள் வரைக்கும் இருட்டில் ஒளிர்வதற்குக் கதிர்வீச்சு விடும் ரேடியம் கலந்த பூச்சு போட்டார்கள். இப்போது மின்னவில்லை என்பதால் அது செத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஒளி கொடுத்தது ரேடியம் இல்லை, அதோடு கலந்த துத்தநாகச் சேர்மம்தான். அது களைத்துப் போய்விட்டது. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருடம் எடுக்கும், அது போட்ட நாளில் இருந்த மாதிரித்தான் இன்னும் இருக்கிறது. அமெரிக்காவில் 1910களிலும் 20களிலும் டயலுக்கு இந்தப் பூச்சு எழுதிய இளம் பெண்கள் தூரிகை நுனியைக் கூராக்க வாயில் வைத்து வைத்து எழுதினார்கள். தாடை எலும்பு உக்கிப் பலர் செத்துப்போனார்கள். ஆபத்து அது உடம்புக்குள் போவதில்தான்.

ஆகவே மூடிய மணிக்கூட்டை அலுமாரியில் வைத்திருப்பதால் பெரிய கேடு இல்லை. கண்ணாடியைக் கழற்றுவது, பூச்சைச் சுரண்டுவது, உதிர்ந்த தூளை ஊதுவது மூன்றும் கூடவே கூடாது. கண்ணாடி வெடித்திருந்தால் ஒரு பொலித்தீன் பைக்குள் இறுக்கி வையுங்கள். திருத்தக் கொடுக்கும்போது ரேடியம் டயல் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள், அவருக்கும் பிள்ளைகள் இருக்கும். டயலின் அடியில் 'சுவிஸ்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 'ரி' (T) என்ற ஆங்கில எழுத்து சின்னதாக இருந்தால் அது ரேடியம் இல்லை, பிறகு வந்த ரிற்றியம். அது பன்னிரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூடப் போனால் பாதியாகிவிடும், ஆபத்தும் அவ்வளவு இல்லை. உங்கள் படத்தில் அந்த எழுத்தை நான் காணவில்லை.

கேள்வி: ஐயா, 1995 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் கோப்பாயிலிருந்து வெளிக்கிட்டபோது, அம்மா அப்பாவின் மணிக்கூட்டைப் பொலித்தீனால் சுற்றி ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டுத் தேசிமரத்தடியில் தாட்டுவிட்டு வந்தா. அடுத்த வருடம் திரும்பி வந்து எடுத்தபோது போத்தலுக்குள் தண்ணீர். அப்பா அதன் பிறகு அதைத் திருத்தவே இல்லை, துணியில் சுற்றி வைத்திருந்தார். இப்போது அவர் இல்லை. டயலில் பெயர் அழிந்துவிட்டது. முள் இரண்டும் கறள். குமிழ் அசையாது. இதை ஓட வைக்க முடியுமா? ஓட வைக்கத்தான் வேண்டுமா என்றும் யோசிக்கிறேன்.
– வாசகர், கோப்பாய்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் அப்பா அந்த மணிக்கூட்டை அந்த வருடங்களில் ஏன் கட்டினார் என்று எனக்கு விளங்குகிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வராது. வானொலியைச் சைக்கிள் டைனமோவில் கேட்டோம், ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பற்றரி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோக, அலுமாரிக்குள் கிடந்த சாவி கொடுக்கிற பழைய மணிக்கூடுகள் எல்லாம் மறுபடி கைக்கு ஏறின. எங்கள் கடையில் அந்த நாட்களில் வேலை ஓயவில்லை. உதிரிப்பாகமும் இல்லை. உடைந்த ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குப் போடுவோம்.

இனி உங்கள் மணிக்கூடு. உள்ளே தட்டுகளும் சக்கரங்களும் பெரும்பாலும் பித்தளை, அவை தப்பியிருக்கும். கறள் பிடிப்பது உருக்குப் பாகங்கள்: சாவித் தண்டு, குமிழை அடுத்த சின்ன நெம்புகோல்கள், திருகாணிகள், அச்சு நுனிகள், மோசமாக இருந்தால் பலன்ஸ் வீலை ஆட்டுகிற மயிர் போன்ற ஹெயார் ஸ்பிரிங். குமிழை இனித் திருகிப் பார்க்காதீர்கள், தண்டு உடைந்து உள்ளே நிற்கும். மருந்துப் போத்தலுக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பை ஒன்றோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கறள் தானாக நிற்காது, ஈரம் இருக்கும் வரைக்கும் தின்றுகொண்டே இருக்கும். கறள் நீக்கும் ஸ்பிறே எதையும் அடிக்க வேண்டாம்.

பெயர் அழிந்தது தேடலுக்குத் தடை இல்லை. சுவிஸ் மணிக்கூடுகளில் டயலில் நூறு பெயர் இருந்தாலும், மெஷினை முழுக்கத் தாங்களே செய்த நிறுவனங்கள் குறைவு. மற்றவர்கள் ஏ.எஸ்., எஃப்.எச்.எஃப்., ஈ.ரி.ஏ. மாதிரியான சில தொழிற்சாலைகளிடம் மெஷினை வாங்கித் தங்கள் பெயரைப் போட்டார்கள். அந்தத் தொழிற்சாலையின் குறியும் வகை இலக்கமும் பலன்ஸ் வீலுக்குக் கீழே அல்லது பக்கத்தில் தட்டில் சின்னதாகப் பொறித்திருக்கும். அது கிடைத்தால் அதே மெஷின் உள்ள வேறொரு ஓடாத மணிக்கூட்டை வாங்கி அதன் பாகங்களை எடுக்கலாம். பித்தளைத் தட்டுக்குள் இறுகி உடைந்த உருக்குத் திருகாணியை எடுக்க நல்ல கைகாரர்கள் படிகாரம் கரைத்த சுடுதண்ணீரில் ஊறவைப்பார்கள். படிகாரம் உருக்கை மெல்லத் தின்னும், பித்தளையைத் தொடாது. மற்ற உருக்குப் பாகம் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிட வேண்டும். இந்த வேலை தெரிந்தவரா என்று கேட்டுப் பாருங்கள், அதிலேயே ஆளை அளந்துவிடலாம்.

ஓட வைக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு என் மனதில் பட்டதைச் சொல்லுகிறேன். கறளை நிறுத்துங்கள். அதைக் கட்டாயம் செய்யவேண்டும், இல்லாவிட்டால் பத்து வருடத்தில் ஒன்றும் மிஞ்சாது. மெஷினைக் கழற்றிக் கழுவி, கெட்டுப்போன பாகங்களுக்கு வேறு போட்டு ஓட வைப்பதும் நல்லதுதான், பழைய பாகங்களைப் பையில் வைத்திருங்கள். ஆனால் டயலும் முள்ளும் அப்படியே இருக்கட்டும். முள்ளில் கறள் உதிராதபடி பாதுகாத்தால் போதும், புது முள் மாட்ட வேண்டாம். அம்மா இருக்கிறா என்றால் எந்தத் துணி, எந்த மரம், எத்தனை மணிக்கு வெளிக்கிட்டீர்கள் என்று எல்லாம் கேட்டு எழுதி மணிக்கூட்டோடு வையுங்கள். அந்தப் பொலித்தீன் இன்னும் இருந்தால் அதையும் எறியாதீர்கள்.

கேள்வி: அப்பாவின் எச்.எம்.ரி மணிக்கூட்டை நான் கட்ட ஆசைப்படுகிறேன். ஆனால் அது பிழையான மணிக்கூடு என்று வீட்டில் சொல்லுவார்கள். ஏ-9 பாதை திறந்த பிறகு 2002, 2003 இல் நாங்கள் யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்கே உள்ள மணிக்கூட்டைவிட அப்பாவுடையது சரியாக அரை மணித்தியாலம் பிந்தித்தான் காட்டும். அப்பா ஒருநாளும் அதைத் திருத்தியதில்லை. இப்போது திருத்தலாமா? உதிரிப்பாகம் கிடைக்குமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: பாகம் கிடைக்கும். எச்.எம்.ரி 1961 இல் பெங்களூரில் ஜப்பானின் சிற்றிசன் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய இந்திய அரசாங்கத் தொழிற்சாலை. தொழிற்சாலை மூடிவிட்டது, ஆனால் செய்து விற்றவை ஏராளம் என்பதால் பழைய மெஷின்களுக்குத் தட்டுப்பாடு இல்லை. சாவி கொடுக்கிற எச்.எம்.ரியை நம்பிக் கட்டலாம், எளிமையான, உறுதியான மெஷின்.

ஆனால் பிள்ளை, அந்த மணிக்கூட்டில் பிழை ஒன்றும் இருக்கவில்லை.

மணிக்கூடு பிந்துவது என்றால் வேறுபாடு நாளுக்கு நாள் கூடவேண்டும். இந்த வகை மெஷின் ஒரு மணித்தியாலத்துக்கு 18,000 தடவை துடிக்கும், ஒரு நாளைக்கு 4,32,000. அதில் எழுநூறில் ஒரு பங்கு குறைந்தாலே நாளைக்கு இரண்டு நிமிடம் பிந்தும், அடுத்த நாள் நாலு, அதற்கடுத்த நாள் ஆறு. பிந்துகிற மணிக்கூடு ஒவ்வொரு வருகையிலும் 'சரியாக அரை மணித்தியாலம்' காட்டாது. எப்போதும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் யாரோ வேண்டுமென்று அப்படி வைத்திருக்கிறார்.

இலங்கையில் 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், அதே வருடம் ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரைக்கும் அப்படியே நின்றது. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே நடந்தது. இரண்டு பகுதிக்கும் நடுவில் இருந்த முகமாலைச் சோதனைச்சாவடியைக் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் கூட்டுவார்கள், திரும்பிப் போகும்போது குறைப்பார்கள். நல்லூரில் எங்கள் கடைக்கு அப்போது வன்னியிலிருந்து வருகிறவர்கள் மணிக்கூட்டைத் திருத்தக் கொடுத்துவிட்டு, "பழைய நேரத்துக்கே வைத்துத் தாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நல்லூர்ப் பூசை மணி கேட்டு நாங்கள் நேரம் சரிபார்த்து, பிறகு அவர்களுடையதை மட்டும் அரை மணித்தியாலம் இழுத்து வைப்போம்.

உங்கள் அப்பா இரண்டு நாளைக்கு வந்து போகிற பயணத்துக்காக முள்ளைத் திருப்பவில்லை. அவ்வளவுதான். கழுவி எண்ணெய் போடக் கொடுங்கள், வேறு ஒன்றும் செய்யச் சொல்ல வேண்டாம். வாங்கி வந்ததும் தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, ஒரு கிழமைக்கு எத்தனை நிமிடம் முந்துகிறது, பிந்துகிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.